படிக்காமல் விட்ட வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது என் அண்ணிக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்லவும் வராது, சொன்னால் மறைக்கவும் வராது.

அண்ணிக்குக் குரல்தான் சோறு போடுகிறது. ஒலிப்புத்தகங்களுக்குக் கதை படிப்பார், பெரும்பாலும் பேய்க் கதைகள். கேட்பவர்கள் விளக்கை அணைக்காமல் தூங்குவார்களாம். அண்ணியோ வேர்க்கடலை கொறித்தபடி அவற்றைப் படித்துப் பழகுவார்.

"பேயைக் காட்டிட்டா பயம் போயிடும். இதோ வருது இதோ வருதுன்னு இழுக்கணும். வாக்கியம் சின்னதாக ஆக, நாம மெதுவாகணும். மூணு புள்ளி வந்தா மூணு எண்ணி நிறுத்தணும். அந்த இடைவெளியில கேக்கறவங்களே ஒரு பேயைச் செஞ்சுக்குவாங்க" என்பார்.

அன்று வியாழக்கிழமை. பகல் 2.10. ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். யாரோ புது எழுத்தாளரின் கதை, ஏழு பக்கம். தனியாக ஒரு பெண். பூட்டிய கதவு. வெளியே யாரோ தட்டுகிறார்கள்.

டக்…

அண்ணி மூன்று எண்ணினார். இரண்டிலேயே ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது. தன்னுடையதுதான் என்று மேலே படித்தார்.

டக்… டக்…

இந்த முறை கிசுகிசுப்பு. ஆண் குரல். அண்ணி அடுத்துப் படிக்க வேண்டிய வாக்கியத்தை, ஒரு சொல் பிசகாமல், அவருக்கு முந்திச் சொன்னது.

சவுண்டுக்காரர் விளையாடுகிறார் என்று கண்ணாடியைப் பார்த்தார்.

நாற்காலி காலி. மணி 2.31.

அண்ணி நிறுத்திவிட்டார். குரல் நிறுத்தவில்லை. அவரைப் போலவே மூன்று மூன்று எண்ணிப் படித்துக்கொண்டே போனது.

ஹெட்போனைக் கழற்றினார்.

அப்போதும் கேட்டது…

தன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

ஏழாம் பக்கம். 'பூட்டு மெல்ல அசைந்தது…'

ஒன்று… இரண்டு… மூன்று…

"கடைசி வரிய நீங்க படிங்க."

பிடரியில் சில்லென்று மூச்சு பட்டது. கண் தானாகத் தாளுக்குப் போனது. வரி இருந்தது. ஐந்தே சொல். உதடு பிரிந்துவிட்டது. சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"படிங்க."

பொத்திய கையை எடுக்கவில்லை.

"படி…"

கதவு திறந்தது. டீ கிளாசோடு சவுண்டுக்காரர். மணி 2.38.

"என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு?"

பதிவானதைப் போட்டுக் கேட்டார்கள். 2.31 வரை அண்ணியின் குரல் மட்டும். பிறகு ஏழு நிமிடம் எதுவுமே இல்லை. அண்ணி மூச்சுவிட்ட சத்தம்கூட இல்லை.

மறுநாள் ஒலிப்புத்தகப் பதிப்பாசிரியர், அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்க எழுத்தாளரின் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்தார்.

"அந்தக் கதை முடியலையே சார். பூட்டு அசைஞ்சதுன்னு எழுதிட்டு, கடைசி வரிய நீ வந்து படின்னு கூப்பிட்டார். அடுப்பை அணைச்சுட்டு வந்தேன். அதுக்குள்ள உயிர் போயிடுச்சு. தாள்ல அந்த வரி இல்ல. இருந்த வரைக்கும்தான் டைப் பண்ணி அனுப்பினேன்."

பதிப்பாசிரியர் ஏழாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். பூட்டு அசைந்ததோடு சரி. கீழே வெறும் வெள்ளை.

அந்த ஐந்து சொல்லும் அண்ணிக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணன் எவ்வளவோ கேட்டும் சொல்லவில்லை, எழுதியும் காட்டவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் ஒரு துணியால் வாயை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்.

தூக்கத்தில் உளறிவிடக் கூடாதாம்.