மச்சான் போட்ட மாலை

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தாலும் வானம் வெளுக்கவில்லை. எந்நேரமும் மறுபடி பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. விரிஞ்சிபுரம் கோயில் வாசலில் நான்கு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் சம்பங்கி மாலையோடு நின்றிருந்தேன். எனக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடப் பதிவில் நான் பெண். அன்று ஒரு நாள் மட்டும் மணப்பெண்ணின் தம்பி.

ஒரு நாள் மட்டும் என்பது மற்றவர்களின் நினைப்பு.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வரும் மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள், ஒருவன் வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். மூவரும் திருநம்பிகள். நானும் அதுதான், ஆனால் அந்தச் சொல் தமிழில் வந்து சேர்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி. பஸ்ஸில் ஏறினால் ஒருவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டும்?

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பெரிய சட்டை போட்டால் ஆணாகத் தெரியலாம் என்று நினைக்காதே. தோள்தையல் கைக்கு இறங்கினால் அண்ணன் சட்டையை மாட்டிய சிறுவனாகத்தான் தெரிவாய். தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். ஒரே நிறத்தில் மெல்லிய துணி வேண்டாம், அடர்ந்த நிறத்தில் கட்டம் போட்டது நல்லது. கிருதாவைக் கூராக விடாமல் நேராக வெட்டச் சொல். மீசை அரும்பாதவன் மை தீட்டக் கூடாது, வேலூர் வெயிலில் பத்து நிமிடத்தில் உதட்டுக்கு வழிந்துவிடும். செருப்புக் கடையில் ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்ளே அட்டை வைத்துக்கொள். மார்பைத் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூங்காதே. நான் சுற்றியவன். மழைக்காலத்தில் என் இடப்பக்க விலா இன்றும் அதை மறக்கவில்லை.

"தாத்தா, நீங்க பேசாம யூட்யூப் சேனல் ஆரம்பிச்சுடுங்க" என்பான் கல்லூரிக்காரன்.

சட்டையும் செருப்பும் கடையில் கிடைக்கும். கை மறக்க வேண்டியது கடையில் கிடைக்காது. அதை நான் கற்றுக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அந்த வருடம் கோடையில் எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்தால் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன், மொட்டையானேன். இளைத்துப்போன இடுப்பில் பாவாடை நாடா நிற்கவில்லை என்று பக்கத்து வீட்டுப் பையனின் பழைய அரைக்கால் சட்டையை வாங்கி மாட்டிவிட்டார்கள். நாடா நிற்கும் அளவுக்கு உடம்பு தேறிய பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னால் காய்ச்சல் அடிப்பது போல் படுத்துக்கொள்வேன்.

அந்தக் கோலத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஆம்பூர் வேலூர் பஸ்ஸில் கண்டக்டர், வீடு கணியம்பாடியில். அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு முன்பே இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அம்மா ஒரு விஷயத்தில் கண்டிப்பு என்று தரகர் முன்பே காதில் போட்டிருந்தார். மச்சான் இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் இரண்டும் பெண் என்பதை மட்டும் அந்த மனிதர் அவர்கள் காதில் போட மறந்துவிட்டார்.

அந்த அம்மாள் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். "பையன் ஒண்ணுதானா?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் காபித் தட்டோடு வந்த அக்கா, தலையை நிமிர்த்தாமலே, "ஆமா, தம்பி ஒருத்தன்தான். டைபாய்டு வந்து எழுந்தான், அதான் மொட்டை" என்றாள்.

அவர்கள் போனபின் வீட்டில் பெரிய பேஜார். அப்பா எங்கள் ஊரான ஆம்பூரில் தோல் கிடங்கில் கணக்கு எழுதியவர். அரையணா கூடினாலும் குறைந்தாலும் சோறு இறங்காது அவருக்கு. "பொய் சொல்லி ஒரு கல்யாணமா?" என்றார்.

"நான் இன்னா பொய் சொன்னேன்?" என்றாள் அக்கா. விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அதற்குள் தரகர் வந்து கணியம்பாடிக்காரர்கள் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். விஷயத்தைக் கேட்டு அவரும் சற்று வேர்த்துப்போனார். பிறகு தேறிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் புடிச்சு உள்ள கூட்டினு வரணும். அவ்ளோதான மச்சான் வேலை? அன்னிக்கு ஒரு நாள் வேஷம் கட்டிட்டா போச்சு" என்றார். எங்கள் பக்கத்து உறவினரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கரையேறுகிற காரியம். யாரும் வாய் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. திறந்தால் கல்யாணம் வாசலிலேயே நின்றுவிடும் என்று எனக்கும் சொல்லிப் பயமுறுத்தினார்கள். நான் பயப்படவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல செய்தியை நான் கேட்டதே இல்லை.

முகூர்த்தத்துக்கு இருந்த மூன்று மாதத்தில் தலையில் முடி சீப்புக்குச் சிக்கும் அளவு வளர்ந்தது. அப்பா என்னைக் கடைத்தெரு சலூனுக்கு அழைத்துப்போய், வாசலிலேயே நின்றுகொண்டு, "பையனுக்கு வெட்டற மாதிரி வெட்டுப்பா" என்றார். அந்த மாதிரி என்ற சொல் சலூன்காரர் காதில் விழவில்லை. பையனுக்கு வெட்டினார். பின்கழுத்தில் கத்தி போட்டுப் பவுடர் அடித்து, கண்ணாடியைப் பின்னால் பிடித்து, "போதுமா தம்பி?" என்று என்னிடமே கேட்டார். முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடியிலும் நான் இருந்தேன். போதும் என்று தலையாட்டினேன்.

மற்ற பயிற்சியெல்லாம் அக்கா பொறுப்பு. ஆண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது மட்டுமே. தோளைத் தூக்கு, கையை அகட்டு, எதிரில் வருகிறவனை முறை என்றாள். நான் அப்படியே கூடத்தில் நடந்து காட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இவனை இன்னா சண்டைக்கா அனுப்பறோம்? சும்மா நடக்கச் சொல்லு" என்றார்.

இவனை என்று சொன்னதை அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்றைக்குச் சோறு ஜாஸ்தி சாப்பிட்டேன்.

நடை சரியாகிவிட்டது. உட்காருவது, கூப்பிட்டால் மெல்லத் திரும்புவது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் கிடங்கின் சாயத்தண்ணீர் ஓடும் கால்வாய் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் என் வலக்கை தானாக இறங்கி, இல்லாத பாவாடையை முன்பக்கம் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கும். வேட்டி கட்டிய ஆண் அப்படித் தூக்குவதில்லை. பக்கவாட்டில் விளிம்பைப் பிடித்து ஒரே வீச்சில் மடித்துவிடுவான். அக்கா கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஈர்க்குச்சியோடு நின்றுகொள்வாள். பத்து முறை தாண்டினால் ஏழு முறை மணிக்கட்டில் அடி விழும்.

"கையை வெட்டி வீட்ல வெச்சுட்டு வா அன்னிக்கு" என்பாள்.

"எந்தக் கையால மாலை போடறது?" என்பேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேனில் வந்து இறங்கினார். நல்ல உயரம். நான் எக்கி மாலையைப் போட, அவர் எனக்காகக் குனிந்தார். மோதிரமும் சரியாக ஏறிற்று. மாப்பிள்ளையின் அம்மா திருப்தியோடு முன்னால் நடந்தார். நான் இடக்கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோபுர வாசலைத் தாண்டினேன். உள்ளே மண்டபத்துக்குப் போகும் வழியில் மழைத்தண்ணீர் சேறாகத் தேங்கியிருந்தது.

மாலை போய்விட்டதால் என் வலக்கைக்கு வேலை இல்லை. அது தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. வேட்டியை முன்பக்கம் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிக்கொண்டு நான் சேற்றில் கால் வைத்தேன்.

பின்னால் குடை பிடித்து வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, "இன்னாய்யா இது, மச்சான் பொட்டப்புள்ள மாதிரி தூக்கினு நடக்கறான்?" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். முன்னால் போன அம்மாள் நின்று திரும்பினார். அவர் பார்வை என் விரல்களுக்கு வந்து, அங்கிருந்து முகத்துக்கு ஏறியது. அப்பா எனக்குப் பின்னால் எங்கோ நின்றுவிட்டது, காலடிச் சத்தம் நின்றதில் தெரிந்தது. வேட்டியை விட்டால் பயந்துவிட்டேன் என்று தெரியும். விடாமல் இருந்தால் எல்லாமே தெரிந்துவிடும். மண்டபத்தில் மஞ்சள் புடவையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த இடத்துக்கும் எனக்கும் நடுவில் அந்தச் சேறு மட்டும் இருந்தது.

மாப்பிள்ளை என் கையை விடவில்லை. மற்றக் கையைக் கீழே கொண்டுபோய், தன் பட்டு வேட்டியை முன்பக்கம் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். அச்சு அசல் என்னைப் போலவே.

"சேறு சித்தப்பா. மச்சான் காட்டினதாலதான் எனக்குப் புத்தி வந்தது. உங்க பின்னால கொஞ்சம் பாருங்க" என்றார்.

சித்தப்பா திரும்பித் தன் வேட்டியைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் சேறு அடித்திருந்தது. இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு விரலால் தூக்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தூக்கினார்கள். கணியம்பாடி ஆண்கள் பதினெட்டுப் பேர், மீசையும் ஜவ்வாதுமாக, வேட்டியைக் கிள்ளிக்கொண்டு என் பின்னால் வரிசையாக அந்தச் சேற்றைக் கடந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் தளர்ந்தது. "ஜாக்கிரதையா கூட்டினு வா தம்பி, வழுக்கும்" என்றார்.

மணையில் அக்கா பக்கத்தில் போய் நின்றதும் அவள் காதில், "மாமா கண்டே புடிக்கல" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு கண்டக்டர், தினமும் ஆயிரம் முகம் பார்க்கிறவர், என்னிடம் ஏமாந்துபோனாரே என்று அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்சம் மந்தமான ஆள்தான், ஆனால் நல்லவர் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த மந்தமான ஆள் இருபத்தாறு வருடம் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் சொன்னார். நிச்சயம் ஆன மறுவாரம் அக்கா டைப்பிங் வகுப்புக்குப் போக அவருடைய பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அவர் டிக்கெட் கொடுக்க வந்தபோது காசை நீட்டிக்கொண்டே, "எங்க வீட்ல இருக்கறது தம்பிதான். ஊர்ல எவனாவது தங்கச்சின்னு சொன்னா நம்பாதீங்க. அதுக்கு சம்மதம்னா டிக்கெட் குடுங்க. இல்லன்னா விசில் குடுங்க, இங்கயே எறங்கிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க மாமா?"

"நான் இன்னாத்த சொல்றது மச்சான்? பஸ் பள்ளிகொண்டா தாண்டிடிச்சு, கூட்டம் வேற. டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் அப்பளத்தை நொறுக்கினார்.

பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. என் வேஷம் அவரை ஏமாற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். வேஷம் என்று ஒன்று கிடையாது என்று தன் கல்யாணத்தையே பணயமாக வைத்து ஒருத்தி முன்பே சொல்லிவிட்டாள் என்பதும், அதை ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதும் தெரியாது. அதற்குப் பிறகு ஆம்பூரில் ஐந்து வருடம் மறுபடி பாவாடை கட்டினேன். கணியம்பாடிக்கு மட்டும் எப்போதும் தம்பியாகவே போனேன். பதினேழாவது வயதில் அங்கே போட்டுக்கொண்டு போன சட்டையோடு வேலைக்குச் சேர்ந்தேன், திரும்ப மாற்றவில்லை.

தெரியாமல் போனது இன்னொன்றும் உண்டு. மச்சான் இல்லாத வீட்டில் ஏன் பெண் எடுக்க மாட்டார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தோடு தாய்மாமன் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது எனக்குச் சம்பளம் கிடையாது, அப்பா கொடுத்தார். பிறகு அதையும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று குழந்தைகளுக்கும் என் மடியில்தான் காது குத்தினார்கள். மூன்றும் என் சட்டையை நனைத்தன. அப்புறம் பெரியவளுக்கு மஞ்சள் நீராட்டு, மூவருக்கும் கல்யாணம், பவுன் விலை ஒவ்வொரு முறையும் எனக்கென்றே ஏறியது. சித்தியாக இருந்திருந்தால் ஆளுக்கொரு கவுன் துணியோடு போயிருக்கும். அக்காவின் மாமியார் ஒவ்வொரு முறையும் சீர்த்தட்டைக் கண்ணால் எடை போட்டுவிட்டு, "மாமன் கை தாராளம்" என்று நாலு பேர் கேட்கச் சொல்வார். அதற்காகவே அடுத்த முறை ஒரு தட்டு கூடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறேன். தட்டு வாடகை, வேன் வாடகை, பெரியவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் வட்டி உட்பட, ஒரு தாய்மாமனாக நான் இதுவரை செய்தது நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.