கால்வாய்க் கரையில் ஷவ்கியின் நோன்பு

நஃபீசாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஸகாஸீக் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்த, இஸ்மாயிலியா ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அது தெரியும். சூயஸ் கால்வாயோரத்து வீடு குண்டு விழுந்து போனபின், பாதி வகுப்பறையைப் போர்வையால் தடுத்துக்கொண்டு, அவித்த மொச்சை விற்று மகன் ஷவ்கியை ஆளாக்கிய விதவை அவள். அவன் இப்போது ராணுவத்தில், கால்வாய்க் கரைக் காவலில் இருந்தான்.

ரமலான் பிறந்ததுமே லாரிக்காரர் முர்ஸி வந்து வத்தி வைத்தார்.

"உம் மவன் பட்டப்பகல்ல கரையில உக்காந்து கரும்பு கடிக்கிறான். எதிர்க்கரையில இருக்குற எதிரிப்பய பாத்துச் சிரிக்கிறான்."

மறுநாள் ஷவ்கி ஒருநாள் விடுப்பில் வந்தான்.

"கரும்பு தின்னியா?"

"ஆமா உம்மா, ஆனா..."

"என்னடா ஆனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு அனுமதியில்லை.

"நோன்ப முழுங்குனவனுக்கு இங்க கஞ்சி கெடையாது. போடா!"

நோன்பு திறக்கும் பீரங்கி முழங்குமுன்பே அவன் பஸ் ஏறிவிட்டான்.

பத்தாம் நோன்பன்று மதியம் இரண்டு மணிக்கு, யாரும் எதிர்பாராமல் ஷவ்கியின் படை கால்வாயைக் கடந்தது. ரேடியோ சொன்னதும் பள்ளிக்கூடமே கட்டிப்பிடித்து அழுதது. நஃபீசா தொண்டை கிழியக் குலவையிட்டாள், பாவம்.

மகனின் சாவுத்தந்தி பிறகுதான் வந்தது. அதற்கும் பிறகு, கையில் கட்டோடு ஷவ்கியின் கூட்டாளி லபீப் வந்தான். கிறிஸ்தவன்.

"ஷவ்கியம்மா, கரும்பு கடிக்கச் சொன்னது ஆபீசருங்க. நாங்க சோம்பேறிங்கன்னு எதிரிங்க நம்பணும்ல?"

நஃபீசா போர்வைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கால்வாயக் கடந்த அன்னிக்கி எல்லாரும் தண்ணி குடிங்கன்னு உத்தரவு. போருக்குப் போறவங்க நோன்ப விடலாம்னு மவுலவியே சொல்லிட்டாரு. இவன் மட்டும், 'உம்மா திட்டும்'னு குடிக்கல. எதிர்க்கரை மணல்மேட்டக் கரைக்கிற தண்ணிக்குழாய் இவன் கையிலதான். மூணு மணி நேரம் பீச்சினான். ஒரு சொட்டு நாக்குல படல."

"அப்புறம்?"

"குண்டு பட்டுச்சு. என் குடுவைய வாயில வெச்சேன். உதட்ட மூடிக்கிட்டான். 'நோன்பு தொறக்க பாங்கு சொல்லியாச்சா?'ன்னு கேட்டான். 'இன்னும் இல்லடா'ன்னேன்."

நஃபீசா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லியாச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாடா, பாவி! எம் புள்ள குடிச்சிருப்பானே!"