ஏழு குள்ளர் வீடும் ஒரு கைநாட்டும்

புதுசா வேலைக்கு வர்ற சர்வேயர்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்கன்னு சங்கத்துல கேட்டாங்க. நல்லதா நாலு எழுதலாம்னு உட்கார்ந்தேன். வந்தது இது ஒண்ணுதான். நினைச்சா இன்னைக்கும் பல்லைக் கடிக்கிறேன். முதல்ல என் மேல கோபம். மத்தவங்க அதுக்குப் பின்னாடிதான்.

1. முதல் மலை

எழுபதுகளோட கடைசி. ட்ரெயினிங் முடிச்ச கையோட என்னை ஏற்காட்டு மலைக்குப் போட்டாங்க. வாழவந்தியில பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள்ள ரெண்டு மணி நேரம் ஏறினா ஒரு ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். அவங்க பட்டது போதும்.

ஊர்க் கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், வெள்ளையன் எனக்கு எல்லை காட்ட வந்தார். அப்பவே அறுபதை நெருங்கின ஆள். அளவுச் செயினோட ஒரு முனையை அவரே பிடிச்சுக்கிட்டு முள்ளுக்குள்ள புகுந்து போவார். நான் மூச்சு வாங்குறதைப் பார்த்துட்டு, "மெதுவா வாங்க சாமி, மலை எங்கயும் ஓடிப் போவாது"ன்னு சிரிப்பார். சாமின்னா அந்தப் பக்கம் சின்னவங்களைக் கூப்பிடுறது. அப்ப எனக்கு இருபத்து மூணு வயசு.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அது மேல ஏறினதும் செயினைக் கீழே வெச்சுட்டுச் செருப்பைக் கழட்டினார். பார்த்தேன். கல்லால கட்டின சின்னச் சின்ன வீடுங்க, ஏழு. மூணு பக்கமும் பலகைக் கல்லு, மேல நாலு பேர் படுக்கிற அகலத்துக்கு ஒரு மூடுகல்லு. முன்பக்கக் கல்லுல வட்டமா ஒரு ஓட்டை.

"இது என்னங்க கவுண்டரே?"

"குள்ளரு ஊடுங்க சாமி. நமக்கு நொம்ப முந்தி இருந்தவங்க. ரெண்டு முழந்தான் இருப்பாங்களாம்."

உள்ளே எட்டிப் பார்த்தா, வழவழன்னு தேய்ச்ச கோடாரி மாதிரிக் கல்லுங்க குவிஞ்சு கிடந்தது. உழும்போது கிடைக்கிறதை அவங்கவங்க கொண்டு வந்து இங்கே வெச்சுடுவாங்களாம், ஊட்டுல வெச்சுக்கக் கூடாதாம். சாமை அடிச்சதும் களத்துல இருந்து முதல் பிடியை இங்கே வைக்கணும். வைக்கிற வரைக்கும் ஒரு ஊட்டுக்கும் தானியம் போகாது. அந்தப் பிடியை வைக்கிற உரிமை வெள்ளையன் குடும்பத்துக்கு.

ஃபீல்டு புக்கை எடுத்து, ரிமார்க்ஸ்ல பென்சில்ல எழுதினேன்: குள்ளர் வீடுகள் ஏழு, ஊரார் வழிபாடு. சரியாத்தான் எழுதினேன். அதனாலதான் இத்தனை ஆத்திரம்.

2. ரப்பர்

கடைசி நாள் எங்க இன்ஸ்பெக்டர் மேலே வந்தார். ஜீப் கீழே எஸ்டேட் ரோட்டுல நிக்குது. நாலு மணிக்கே மூடுபனி இறங்க ஆரம்பிச்சுருச்சு. வாட்சைப் பார்த்துக்கிட்டே ஃபீல்டு புக்கைப் புரட்டினவர் அந்தப் பக்கத்துல நின்னார்.

"என்னய்யா இது குள்ளர் வீடு? வீடுன்னா வீட்டு வரி போடணும். யாரு கட்டுவா, குள்ளனா?"

"ஊர்க்காரங்க கும்பிடுற இடம் சார்."

"இவங்க எதைத்தான் கும்பிடல? கல்லு இருக்கா? கல்லாங்குத்துன்னு போடு. ரப்பர் இருக்குல்ல?"

இருந்தது. அழிச்சேன். கல்லாங்குத்துப் புறம்போக்குன்னு மையில எழுதினேன். விளைச்சலுக்கு ஆகாத கல்லு நிலம்னு அர்த்தம். ஒருத்தரும் என் கையை முறுக்கல. முறுக்கியிருந்தா இவ்வளவு கேவலமா இருந்திருக்காது.

அடுத்து கைநாட்டு. நாங்க எழுதினதை ஊர்ப் பெரியவர் ஒத்துக்கிட்டதா ஒரு வாக்குமூலம் வாங்கணும், அதோட அடியிலயே அச்சடிச்சிருக்கும்: 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி.' இன்ஸ்பெக்டர் கீழே இறங்க ஆரம்பிச்சுட்டார். நான் மைப் பேடைத் திறந்து வெள்ளையன் முன்னால நீட்டினேன்.

"குள்ளரு ஊட்டைப் பத்தி எழுதியாச்சுங்களா சாமி?"

"எல்லாம் எழுதியாச்சு. வைங்க."

வெச்சார். விரலைத் தலையில தடவிக்கிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னார். ஜீப் போயிடும்னு ஓடி வந்துட்டேன்.

3. லீஸ்

பத்துப் பன்னிரண்டு வருஷம் போச்சு. ஊர் ஊரா மாத்தலாகித் திரும்ப ஏற்காட்டுக்கே வந்தேன். ஒரு குவாரி லீஸுக்கு எல்லை காட்டணும், ஊர்க்காரங்க தகராறு பண்றாங்கன்னு ஃபைல் வந்தது. சர்வே நம்பரைப் பார்த்ததும் ஃபைலைப் பிரிச்சேன். உள்ளே என் ஸ்கெட்ச், என் கையெழுத்து. கல்லாங்குத்து. அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் லீஸ் கொடுத்திருந்தாங்க. கொடுத்தவங்கள்ல ஒருத்தர்கூட மலை ஏறிப் பார்க்கல.

இப்போ கரடு வரைக்கும் ஜீப் போச்சு, கல்லு ஏத்துறதுக்குப் போட்ட பாதை. மூணு குள்ளர் வீடு ஜல்லிக் குவியலா கிடந்தது. ஒரு துண்டுல அரைவட்டமா ஒரு வெட்டு. முன்கல்லு ஓட்டையில பாதி.

குவாரி சூப்பர்வைசர் குடையோட வந்தான். "கல்லுக்கு எதுக்கு சார் இத்தனை பஞ்சாயத்து? எல்லையைக் காட்டிட்டுக் கெளம்புங்க. அவங்க ஊர்ப் பெரிசே ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வெச்சிருக்கு." பாக்கெட்டுல இருந்து நகலை எடுத்து நீட்டினான். அவனை அறையலாம்னு வந்தது. என்ன முகத்தை வெச்சுக்கிட்டு அறையுறது? அந்தக் கரட்டைத் தட்டுல வெச்சு நீட்டினவனே நான்தானே.

ஊர்க்காரங்க தள்ளி நின்னாங்க. அதுல இருந்து ஒரு பொம்பளை வந்தா. வெள்ளையன் மக ராமாயி.

"ஏனுங்க, நீங்கதானுங்களா இதை எழுதுனது?"

"ஆமாங்க."

"எங்கப்பன் கல்லை வித்துத் தின்னுட்டான்னு ஊரே பேசுதுங்க. ரெண்டு வருசமா எங்க ஊட்டுச் சாமைப் பிடியை எடுக்கறதில்லீங்க. வேற ஊட்டுக்கு மாத்திட்டாங்க. அவரு ஊட்டை விட்டு வெளிய வரதில்ல." அழல. இன்னும் ஒரு அடி கிட்ட வந்தா. "நீங்க என்ன எழுதுனீங்க, எங்கப்பன் என்னன்னு நெனச்சுக் கைநாட்டு வெச்சாரு, ரெண்டையும் ஊருக்கு முன்னால சொல்லுங்க. சொல்லாம கீழ எறங்காதீங்க."

4. படிச்சேன்

எல்லை காட்டல. அங்கேயே ஒரு பாறை மேல உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன்: முன்னால 'குள்ளர் வீடுகள் ஏழு' என்று எழுதி அழித்தவன் நான். இந்த ஊர்க் கவுண்டர் கேட்டபோது பொய் சொன்னவன் நான். வாக்குமூலம் அவருக்குப் படித்துக் காட்டப்படவில்லை. இது கல்லாங்குத்து அல்ல.

ராமாயி போய் அவரைக் கூட்டிக்கிட்டு வந்தா. கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து குவியலுக்குப் பக்கத்துல குந்தினார். முதுகு வளைஞ்சு போயிருந்தது. நான் எழுந்து நின்னு சத்தமாப் படிச்சேன். பொய் சொன்ன வரி வந்தப்ப ஊர்ல ஒருத்தர், "இன்னொருக்காப் படிங்க"ன்னார். படிச்சேன். முடிச்சதும் அந்த ஆளே வந்து வெள்ளையன் பக்கத்துல உட்கார்ந்து, "மாமா, தப்பா நெனச்சுப்புட்டோம்"னார்.

அப்ப நான் ஒண்ணு பண்ணினேன். பழக்க தோஷம். மைப் பேடைத் திறந்து வெள்ளையன் முன்னால நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரெண்டு கையையும் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டார்.

"நீங்க படிச்சீங்க. ஊரு கேட்டுச்சு. அதோட உடுங்க."

இந்தத் தடவை அவர் சாமின்னு கூப்பிடல. காப்பி குடிக்கச் சொல்லவும் இல்ல. ரிப்போர்ட்ல ராமாயிதான் கையெழுத்துப் போட்டா, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட எழுத்துல, ஒண்ணொண்ணா.

லீஸை ரத்து பண்ண ஆபீஸ் எட்டு மாசம் எடுத்துக்கிச்சு. அதுக்குள்ள இன்னொரு வீட்டையும் உடைச்சுட்டாங்க. மிச்சம் மூணு. பதிவைத் தப்பா எழுதினேன்னு எனக்கு மெமோ கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். ரப்பர் கேட்ட இன்ஸ்பெக்டர் மாலை போட்டுக்கிட்டு ரிட்டயர் ஆகியிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. அந்த வருஷம் சாமைப் பிடியை வெள்ளையன்தான் வெச்சாராம்.

அதோட முடிஞ்சிருந்தா நானும் மறந்து தொலைச்சிருப்பேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ராமாயியை ஏற்காடு பஜார்ல பார்த்தேன். அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டேன்.

"போயிட்டாருங்க. கடைசி வரைக்கும் முதியோர் பென்சன் வாங்கல. பாரத்தை ஊட்டுக்கே கொண்டாந்தாங்க, கைநாட்டு வெக்க மாட்டேன்னுட்டாரு. நானு படிச்சுக் காட்டுனேனுங்க. உன்னைய நம்பறேன் கண்ணு, காயிதத்தை நம்ப மாட்டேன்னாரு."

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். முதல்ல படிங்க. ஊர் போதும்னு சொல்ற வரைக்கும் படிங்க. இருட்டினா இருட்டட்டும், ஜீப் போனா போகட்டும். மைப் பேடு அதுவரைக்கும் பைக்குள்ளயே கிடக்கட்டும்.