பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பாத போர்வை

அம்மை கண்ட வீட்டில் கிடந்த துணியை, கைக்குழந்தைக்காரிக்குக் கொடுக்கலாமா, கூடாதா? ஆஸ்பத்திரி டாக்டர் ஒன்று சொல்கிறார், என் மாமியார் ஒன்று சொல்கிறார். நான் பள்ளி இறுதி வரை படித்தவள். டாக்டர் சொல்வது புரிகிறது. புரிந்தும் கை வரமாட்டேன் என்கிறது. போர்வை டிரங்குப் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. என் போர்வையாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அது இன்னொருத்தியுடையது.

கல்யாணமாகிக் கப்பலேறி போர்ட் பிளேர் வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. கணவருக்குத் துறைமுக ஆபீசில் வேலை. சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ். மகள் பிறந்து, அவளுக்கு ஊசி போட ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த ஒரு காலையில்தான் பெரார்கஞ்சிலிருந்து வந்திருந்த வங்காளத்துத் தீதியைப் பார்த்தேன்; தீதி என்றால் அக்கா. மடியில் பழைய புடவைகளை அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூலோட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். இப்படித் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர் என்றாள். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஊசியை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் குத்தத் துணியாமல் ஊசியைத் துணிக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். "டரோ மத், பெஹன். தாகா ஹி தோ ஹை" என்றாள். பயப்படாதே, வெறும் நூல்தானே என்று அர்த்தம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

அப்படித்தான் எங்கள் பை தொடங்கியது. ஒரு கித்தான் பை. அதற்குள் ஒருத்தியின் போர்வை, கொஞ்சம் துண்டுத்துணி, நூல். போர்வை யாருடையதோ அவள் முதல் கட்டத்தைத் தைத்துவிட்டுப் பையை அனுப்புவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டம் சேர்ப்போம். கடைசியில் அவளிடமே திரும்பும்போது அவள் கரை தைத்து முடிப்பாள். தீதி பெரார்கஞ்சில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பாம்பூஃப்ளாட்டுக்கு வரும். அங்கிருந்து ஃபெர்ரியில் எனக்கு. என்னிடமிருந்து கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவிக்கு. அந்த முஸ்லிம் அக்காவை எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். துண்டுத்துணியெல்லாம் அவர் உபயம்.

எங்களுக்குள் இரண்டே கட்டுப்பாடு. ஒருத்தி போட்ட தையலை இன்னொருத்தி பிரிக்கக் கூடாது. பை வந்து சேர்ந்ததும், அனுப்பியவளுக்கு நல்லதாக நாலு வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

நாலு வார்த்தையைச் சுமக்க வேண்டியவர்கள் எங்கள் கணவர்கள். அங்கேதான் சங்கடம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன்.

"நல்லா இருக்காம்."

"எது நல்லா இருக்காம்?"

"துணி."

"அவங்க நிறையப் பேசியிருப்பாங்க. நீங்க வழியிலேயே கொட்டிட்டு வர்றீங்க."

"ஃபெர்ரி கூட்டத்துல பையைத் தூக்கிட்டு வர்றதே பெரிசு. பாராட்டையும் ஒரு மூட்டையா கட்டிக் குடுக்கச் சொல்லு, தூக்கிட்டு வரேன்."

பாம்பூஃப்ளாட்டில் இருந்தவள் எங்களில் இளையவள். அவளும் தமிழ்தான், ராமநாதபுரம் பக்கம். அவள் கணவர் தினமும் ஃபெர்ரியில் சாத்தம் மரமில்லுக்கு வேலைக்கு வருவார். என்னை அக்கா என்பாள். நான் கேட்டதால்தான் அவள் பைக்குள் சேர்ந்தாள். "எனக்கு மூட்டை வாய் தைக்கத்தான் தெரியும் அக்கா, பூவெல்லாம் வராது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வரும் வரும் என்று பதில் அனுப்பியவள் நான்.

அடுத்த போர்வை அவளுக்கு என்று முடிவானபோது அவள் மாசமாக இருந்தாள். பிறக்காத பிள்ளைக்குத் துணி தைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தீதியோ பிள்ளை வருவதற்குள் காந்தா தயாராக இருக்க வேண்டும் என்றாள். அதனால் யாரும் பிள்ளைப் பேச்சே எடுக்காமல், "வீட்டுக்கு ஒரு போர்வை" என்றோம். சின்னதாக இருக்கட்டும் என்றும் சொன்னோம். ஏன் சின்னதாக என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாத்தாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் எல்லோரும் கூடினோம். அவள் தன் முதல் கட்டத்தைக் காட்டினாள். கணவரின் பழைய நீல மில் சட்டையிலிருந்து வெட்டியது. தடித்த நூல். ஒவ்வொரு தையலும் விரல் அகலத்துக்கு நீண்டு, கொஞ்சம் தொய்ந்து கிடந்தது.

லாத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, உள்ள அரிசி ஏதும் வச்சுத் தச்சிருக்கியா? மூட்டை மாதிரில்ல இருக்கு!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு போர்வை மடியில் இருந்தவரை அந்தக் கட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியே உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன். "அடுத்த தடவை சரியா வரும்மா" என்றேன். தைரியம் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், இது சரியில்லை என்று நானும் சொன்னதாகத்தானே ஆகிறது?

தீதி தன் கட்டத்தை முடித்து அனுப்ப, பை என்னிடம் வந்தது. நான் ஊசியில் நூல் கோத்த வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் முதுகில் கொப்புளம். சின்னம்மை. டாக்டர் லேசானதுதான் என்றார். என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். ஊசி நூலைத் தொடாதே, தாளிக்காதே, வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது என்றார். ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் வேப்பமரத்தை இங்கே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கணவர் எங்கிருந்தோ ஒரு கொத்து கொண்டுவந்தார்.

குழந்தைக்கு அரிப்பு தாங்கவில்லை. கையைப் பிடித்தால் அலறினாள், விட்டால் சொறிந்தாள். மூலையில் இருந்த பையிலிருந்து அவளே போர்வையை இழுத்துக்கொண்டு வந்து அதன்மேல் படுத்தாள். நான் எடுக்கப் போனேன். மாமியார் தடுத்தார். "விடு, அவளா எடுத்துக்கிட்டா. பிடுங்காதே."

அப்போதுதான் கவனித்தேன். என் மகள் அந்த நீலக் கட்டத்தைத் தடவி, தொய்ந்த தையல் ஒன்றுக்குக் கீழே ஆள்காட்டி விரலை நுழைத்துக்கொண்டாள். இன்னொரு கை விரலை அடுத்த தையலுக்குள். அப்படியே மாட்டிக்கொண்டு கிடந்தாள். சொறியவில்லை. தூங்கிப்போனாள். எழுந்து அழும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும். தீதியின் பொடித் தையலுக்குள் எறும்புகூட நுழையாது. இந்தத் தையலுக்குள் குழந்தை விரல் நுழைந்தது. இன்று அவள் முகத்தில் ஒரு தழும்பும் இல்லை.

இதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இதைவிட நல்ல நாலு வார்த்தை எங்கள் பையில் எந்நாளும் போனதில்லை.

ஆனால் சொல்வது எப்படி? படகுத்துறையில் பாம்பூஃப்ளாட்டுக்காரியின் கணவர் பை எங்கே என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னன்னு சொல்றது?" என்று கணவர் கேட்டார்.

"மாசமா இருக்கற பொண்ணுகிட்ட, நம்ம வீட்டுல அம்மன் வந்திருக்கான்னு போய்ச் சொல்லுவாங்களாடா? பயந்துட்டா என்ன ஆகும்? இன்னும் முடியலேன்னு சொல்லு, போதும்" என்றார் மாமியார்.

மாசமானவளுக்கு அந்த நோய் ஆகாது, பையும் போகக் கூடாது, நீங்களும் அவள் கணவர் பக்கத்தில் நிற்காதீர்கள் என்று டாக்டரும் என் கணவரிடம் சொல்லியிருந்தார். ஆக, போர்வையை அனுப்பாததில் தப்பில்லை. ஆனால் வார்த்தையையும் சேர்த்தல்லவா நிறுத்திவிட்டோம்? நான் சரி என்று தலையாட்டினேன். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவது எனக்குப் பழகிப்போனது. கணவர் எட்ட நின்றே, "இன்னும் முடியல" என்று தினமும் குரல் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றியபடியே, "இன்னைக்கு அவர் ஒரு மாதிரி கேட்டார்" என்றார். "'எங்க வீட்டுல தச்சதைப் பிரிச்சுட்டு மறுபடி தைக்கிறாங்களாமே, அதான் லேட்டா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் இல்லைன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஃபெர்ரி வந்துடுச்சு."

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நானே நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றினோம். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அதற்குள் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. அதே வாரம் அவள் கணவர் கையில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. அவள் பங்குத் துண்டுத்துணியும் ஊசிகளும். "எனக்கு இது சரிப்படாதுன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாளாம். இந்த ஒரு செய்தியைத்தான் என் கணவர் ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டுவந்தார்.

லாத்தாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "முதல்ல என் வாயைத் தைக்க ஒரு ஊசி குடு" என்று பதில் வந்தது.

டாக்டர் போகலாம் என்றதும், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன். தண்ணீரைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு போனேன். பாம்பூஃப்ளாட்டில் அவள் வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"வாங்கக்கா. தண்ணின்னா பயம்னு சொல்வீங்களே, எப்படி வந்தீங்க?"

"பிள்ளையைப் பார்க்காம இருக்க முடியுமா?"

பிள்ளை கடையில் வாங்கிய புதுத் துண்டின்மேல் படுத்திருந்தான். துண்டு விறைப்பாக இருந்தது. காபி கொடுத்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பிரிச்சிட்டீங்கதானே?"

"இல்லம்மா. ஒரு தையல்கூடப் பிரிக்கல."

"பிரிச்சிருந்தாலும் பரவாயில்லக்கா. அது மூட்டைத் தையல்தானே, எனக்கே தெரியும்."

"சத்தியமா அப்படியே இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப கொண்டு வந்திருக்கலாமே" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். லாத்தா கடையில் தன் கட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் சிரித்த அதே சிரிப்பு.

பச்சைப் பிள்ளை வீட்டில் அம்மைப் பேச்சை எப்படி எடுப்பது? சொன்னால், இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டா வந்தாள் என்று மகளைப் பார்த்து மிரளுவாளே? அதற்குள் மகள் நகர்ந்துபோய் அங்கே கிடந்த சாக்கு விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் தைத்ததுதான். அதே தடித்த நூல், அதே நீளத் தையல். மகள் விரலை உள்ளே நுழைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா பண்றா?"

"அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்" என்றேன்.

எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா? மாலை ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது.

போர்வையைக் கொதிநீரில் போட்டெடுத்துப் பலமுறை வெயிலில் காயவைத்தேன். நீலம் கொஞ்சம் மங்கியது, தையல் அப்படியே இருக்கிறது. இனி யார் வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். மாமியார், அம்மன் படுத்த துணி வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, கடலில் விட்டுவிடு என்கிறார். கடலில் விடவும் எனக்கு மனசு வரவில்லை. என் கட்டமும் லாத்தாவின் கட்டமும் கரையும் பாக்கி. பாம்பூஃப்ளாட்டில் அவள் பிள்ளை இப்போது குப்புற விழுகிறானாம். போர்வை சின்னது. இன்னும் கொஞ்ச நாளில் அவனுக்குப் போதாது.

இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு துணி தங்கியதுண்டா? யாரும் இப்படி ஒன்றை உங்களுக்குக் கொடுத்ததுண்டா? எதையும் சொல்லாமல் அனுப்பினால் தையல் பிரிக்கப்படவில்லை என்று அவளுக்குத் தெரியும்; ஆனால் அது எங்கே கிடந்தது என்பதை மறைத்தவளாவேன். சொல்லி அனுப்பினால் அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைக்க அவளுக்கு மனம் வராமல் போகலாம். ஆனால் தன் தையல் என் மகளுக்கு என்ன செய்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எதைச் செய்யட்டும்? போர்வை போகவே கூடாது என்றால், வார்த்தையை மட்டுமாவது எப்படி அனுப்புவது? இந்த முறை கணவரிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.