வெளி ஆணியில் தொங்கிய பை

எமலீன் ஊரறிந்த வாயாடி. அவள் புருஷன் சைலஸ் வாயே திறக்காதவர். "நீ பேசாததையும் சேத்து நானே பேசிடறேன், கிழவா" என்று கேலி செய்வாள்.

வேட்டையிலிருந்து வந்ததும் சைலஸ் தோள்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பருகே உட்கார்ந்துவிடுவார். உள்ளே நாக்கோ ஈரலோ இருந்தால் மூஸ் மான் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் கிடைக்காத நாளில் பை வெளி ஆணியிலேயே தொங்கும். கொன்றதைப் பற்றிப் பெருமையடித்தால் மிருகங்கள் காதில் விழும், பிறகு அந்தப் பக்கமே வராது. அவர்கள் க்ரீ பழங்குடி ஜனங்களில் இதை அறியாத குழந்தை கிடையாது.

கரடிமூக்கு ஏரியில், உரிமச்சீட்டு இல்லாமல் மூஸ் சுட்டதாக அதிகாரிகள் அவர் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வழக்குப் போட்டார்கள். தோற்றால் ஊரில் ஒருவரும் அந்த ஏரிப்பக்கம் வேட்டைக்குப் போக முடியாது. முன்னோர் காலந்தொட்டு அங்கே வேட்டையாடி வந்ததை நிரூபித்தால் குற்றமில்லையாம். சைலஸின் பாட்டன் எலும்பு அந்தக் கரையிலேயே கிடக்கிறது. அது போதாதாம் சட்டத்துக்கு.

"ஐயா, நீங்க வாயத் திறக்கலன்னா கேஸ் நிக்காது" என்றாள் அவர்கள் தரப்பு வக்கீலம்மா.

சைலஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"பூட்டு அவர் வாய்க்குத்தான். கறிய அறுத்தவ நான். நான் சொல்றேன்" என்றாள் எமலீன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவள் கட்சி.

"எமலீன்" என்று தடுத்தார் சைலஸ்.

ஊர்ச் சமூகக்கூடத்தில் கோர்ட் கூடியது. மாமியார் எந்தக் கரையில் கறி உலர்த்தினாள், யார் எந்தக் கூடாரத்தில் பிறந்தார்கள் என்று எமலீன் அழகாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அரசுத்தரப்பு வக்கீல் சிரித்தார்.

"அதெல்லாம் பழைய கதைம்மா. இப்ப கறி கடையிலதானே வாங்கறீங்க? அவர் பொழுதுபோக்குக்குப் போறவர்தானே?"

எமலீனுக்குச் சுருக்கென்றது.

"பொழுதுபோக்கா? அவர் கண்ணுல பட்ட மூஸ் ஒண்ணுகூடத் தப்பினதில்ல. இனியும் தப்பாது. உங்க கடைய மூடினாலும் எங்க வீட்டுல கறி இருக்கும்."

கூடம் சிரித்தது. சைலஸ் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் ஏனோ அடங்கிப்போயின.

வழக்கு ஜெயித்தது. துப்பாக்கியும் திரும்பி வந்தது. "யாராவது தடுத்தா இதக் காட்டுங்க" என்று வக்கீலம்மா தீர்ப்பின் நகலைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைலஸ் முன்னால் நடந்தார்.

"ஜெயிச்சாச்சு, கிழவா. என்னத் திட்டவாவது செய்யேன்."

"திட்டி என்ன ஆகப்போவுது? காட்டுல கேக்கறவங்க கேட்டாச்சு."

இலையுதிர்காலம் வந்தது. பை வெளி ஆணியில் தொங்கியது. ஏரி உறைந்த பிறகும் அங்கேயே தொங்கியது. மற்ற வேட்டைக்காரர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். ஏரியைச் சுற்றி ஒரு குளம்புத்தடம்கூட இல்லை என்றார்கள். கடையில் எமலீனைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். காற்றில் ஆணியில் பை உரசும் சத்தம் கேட்டாலே அவள் கதவை இறுகச் சாத்தினாள். தன் வாய்தான் அந்தக் காட்டைக் காலி செய்துவிட்டது என்று பயந்தாள்.

ஒரு சாயங்காலம் சைலஸ் உள்ளே வந்து பையை அவள் கையில் கொடுத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அவசரமாகத் திறந்தாள். உள்ளே மடித்த தீர்ப்பு மட்டும் இருந்தது.

"இத நீயே வெச்சுக்க" என்றார். "கேக்கறவங்க போயாச்சு. அங்க இதக் காட்ட யாருமில்ல."

எமலீன் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, பையை வெளி ஆணியில் மாட்டினாள்.