இடது முன் சக்கரம்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்பது பட்டறைக்கே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை, என் கொழுந்தனைத் தவிர. காலமெல்லாம் சம்மட்டிக்குப் பக்கத்தில் நின்ற காது பிறகு எப்படி இருக்கும்?

ஒரு காலத்தில் லாரி வாசலில் திரும்பும்போதே, "பின்னாடி வலது பக்கம் பாருங்கடா" என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவார். டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பேரில்தான் பட்டறை ஓடியது. அவர் தம்பியும் அங்கேயே தொழில் கற்று, கல்யாணம் கட்டி, ஆளானான். நன்றி கடையில் விற்றால் அவனுக்குக் கொஞ்சம் வாங்கித் தந்திருப்பேன்.

வினை ஒரு மர லாரியில் வந்தது. இடது முன் சக்கரத்தில் ஓயாத உறுமல். பேரிங்கை மாற்றினார்கள். சில வாரத்தில் அதே உறுமல். மறுபடி மாற்றினார்கள், மறுபடியும் வந்து நின்றது. டிரைவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"அண்ணனுக்கு எங்கங்க கேக்குது? அவருகிட்டப் போய் சத்தம்னு சொன்னா செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று கொழுந்தன் டிரைவரிடம் சிரித்தான். சாப்பாடு கொண்டுபோன நான் அதைக் கேட்டேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்:

"அண்ணே, இதுதான் கடைசி. இந்தத் தடவையும் சரியா வரலைன்னா நீங்க வீட்டுல உக்காந்துக்கங்க. பட்டறையை நான் பாத்துக்கறேன்."

"சரிடா" என்றார் இவர். வேலை போனால் இந்த மனுஷர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? சுவரைப் பார்த்தே செத்துப் போவார்.

அவர்கள் வேலைப் பங்கீடு இது: கழற்றுவதும், கடைசியில் நட்டை இறுக்கி மூடுவதும் இவர். நடுவில் ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் அந்த இரும்புக் குடத்தை, கொழுந்தன் உள்ளே எடுத்துப்போவான். புது பேரிங்கின் கப்பை, அதாவது வெளி வளையத்தை, அதில் அடித்து இறக்கி, கிரீஸை அப்பிக் கொண்டுவந்து கொடுப்பான். தம்பி கொடுத்ததை இவர் ஒரு நாளும் துடைத்துப் பார்த்ததில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கொழுந்தன் சாமான் வாங்கப் போயிருந்தான். நான் இவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இவர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்து அதிர்வைப் பார்த்தார்.

"கரகரங்குது. பேரிங் புதுசு. பின்ன ஏன்?"

ஹப்பைக் கழற்றிக் கப்பைத் தட்டினார். லேசாகத் தட்டியதுமே விழுந்துவிட்டது. அது அப்படி விழக்கூடாது, அடித்து அடித்துத்தான் வரவேண்டும். இவர் முகம் மாறியது. "மண்ணெண்ணெய் கொண்டா" என்றார்.

நான்தான் கழுவினேன். கிரீஸ் போனதும் உட்சுவர் முழுக்கக் குத்துக் குத்தாக விரலில் இடறியது. ஹப் தேய்ந்து கப் ஆடினால் புது ஹப்தான் போடவேண்டும். சோம்பேறிகள் பஞ்ச் என்கிற கூர் உளியால் உட்சுவரில் புள்ளி குத்திவைப்பார்கள். அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு கப் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு கோணி, பேரிங்கைத் தின்றுவிடும். என் அருமைக் கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் செய்த கைங்கரியம் இது. பழி மட்டும் அண்ணன் காதுக்கு!

திரும்பி வந்தவன் கழுவின ஹப்பைப் பார்த்து, பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"எல்லாரும் பண்றதுதானேண்ணே…"

இவர் திட்டவில்லை. "புது ஹப் போடு. டிரைவர்கிட்ட நீயே சொல்லிடு" என்றார். என்னிடம், "நீ வாயைத் திறக்கக்கூடாது. அவன் சொல்லட்டும்" என்றார்.

புது ஹப்போடு ஒரு சுற்றுப் போய்வந்த டிரைவருக்கு வாயெல்லாம் பல். "சத்தமே இல்லைங்க! என்னதான் கோளாறு?"

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் நட்டை ஏகத்துக்கு இறுக்கியிருக்காரு. நான் பாத்துச் சரி பண்ணிட்டேன். வயசாயிடுச்சுல்ல?"

"அட பாவமே" என்று இவரைப் பார்த்துவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தார். அடப்பாவி! என் நாக்கு துறுதுறுத்தது. இவர் சொன்ன சொல்லுக்காகக் கடித்துக்கொண்டேன்.

லாரி போனதும் இவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி டிரைவர்கிட்ட என்ன சொன்னான்?"

கூடப்பிறந்தவன் குழி பறித்ததை எந்த வாயால் சொல்வேன்? "அண்ணன்தான் கண்டுபிடிச்சாருன்னு சொன்னாரு" என்று காதில் கத்தினேன். கொழுந்தனுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். இவர் தலையாட்டிவிட்டு, தம்பி தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சூடு சொரணை உள்ளவனுக்கு அது செருப்படி. அவன் பல்லைக் காட்டினான்.

மறுநாள் காலை இவர் சட்டைகூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"பட்டறைக்குப் போகலையா?"

"நட்டை இறுக்கத் தெரியாதவன் அங்க எதுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காது போனதிலேருந்து எல்லார் உதட்டையும் பாத்துத்தான்டி காலத்தை ஓட்டறேன். அவனுக்குப் பேசக் கத்துக்கொடுத்ததே நான். அவன் உதடு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"நீயாவது உள்ளதைச் சொல்லுவியான்னு பாத்தேன்."

அவர் பிறகு பட்டறைப் பக்கம் போகவே இல்லை. நான் பேச வந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். என் உதட்டையும் இப்போது பார்ப்பதில்லை.