பரவைக்குப் போகாதவள்

சத்யப்ரியாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் தலையில் விழுந்த பழியில் பெரும்பாதி என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் வெங்கட்ரமணன். மதுரை ஆனையூரில் வீடு. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் ஒரு நிறுவனத்தில், ஆங்கிலத்தில் வரும் பாடங்களைத் தமிழாக்கித் தருவதும் வகுப்பு எடுப்பதும் என் வேலை. என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

சத்யப்ரியா கிராமச் செவிலியர். கீழக்குயில்குடியைத் தாண்டி உள்ளே போனால் வருகிற நாலைந்து சின்ன ஊர்களுக்கு அவள்தான் எல்லாம். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பதினோரு வருடமாக ஒரே சுகாதார நிலையம். இரண்டு முறை மாற்றல் வந்தும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மாயக்காளை விட்டுப் போக மனசில்லை என்பதுதான் காரணம். மாயக்காள் அந்த நிலையத்தைக் கூட்டித் துடைக்கிற உதவியாள். ஐம்பது வயதிருக்கும். நர்ஸ் சொன்னால் ஊர் தலையை ஆட்டும், அவ்வளவுதான். அதையே மாயக்காள் போய்ச் சொன்னால் செய்யும். தடுப்பூசிக்குப் பயந்து கதவைச் சாத்திய வீடுகளைக்கூட அவள் வாசலில் உட்கார்ந்து பேசியே திறக்க வைத்திருக்கிறாள்.

பெருந்தொற்றுக்கும் கிருமித் தாக்குதலுக்கும் தயாராவது எப்படி என்று போன வருடம் இரண்டு நாள் வகுப்பு நடத்தினோம். கிருமி கலந்த வெள்ளைப் பொடி வைத்த தபால் உறை வந்தால் என்ன செய்வது என்று முதல் நாள் அரை நாள் பேசினேன். சத்யப்ரியா எழுந்தாள். "சார், எங்க ஊருக்குத் தபால் வாரதே அபூர்வம். வந்தாலும் என்ட்டதான் படிக்கச் சொல்லிக் கொண்டு வருவாங்க. அப்ப மொதல்ல நாந்தான் போவேன்." அம்புட்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கடுப்பாகிவிட்டது.

மறுநாள் பறவைக் காய்ச்சல். காய்ச்சல்காரர்களிடம் கேட்க ஒரு படிவம் தயாரித்திருந்தேன். முதல் கேள்வி, 'பறவைகளுடன் தொடர்பு உண்டா?' அவள் மறுபடி எழுந்தாள். "சார், இதைக் கோழின்னே கேட்டுக்கிறவா?"

நான் சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "படிவத்துல என்ன இருக்கோ அதை மட்டும் கேளுங்கம்மா. கோழின்னா வாத்து, காடையெல்லாம் விட்டுப்போயிடும். ஆளாளுக்கு ஒரு வார்த்தை போட்டா எதையும் சேர்த்துப் பார்க்க முடியாது."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள். அவள் மேல் எந்தத் தப்பும் கிடையாது. சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஃப்ளூ மாத்திரை அட்டைகள் கொடுத்தனுப்பினோம். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் என்று நானே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன். அவள் அவற்றை நிலையத்து பீரோவில் வைத்தாள். அந்த பீரோவைத் தினமும் துடைத்தவள் மாயக்காள்.

ஊர்க் கூட்டத்தில் சத்யப்ரியா, 'பறவைக் காய்ச்சல் வருது, பறவைத் தொடர்பு வேண்டாம்' என்று வார்த்தை பிசகாமல் பேசினாள். மாயக்காள் வழக்கம்போல வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒரு மாதம் போயிருக்கும். மாயக்காள் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. சத்யப்ரியா போய்ப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. படிவத்தை எடுத்து, "மாயக்கா, பறவைத் தொடர்பு ஏதும் உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லவே இல்லம்மா."

'இல்லை' என்று எழுதிக்கொண்டு, சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் காலையில் மாயக்காளுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டு வந்தார்கள். சத்யப்ரியா எனக்குப் போன் செய்தாள். "சார், ஒருக்கா வாங்க. நான் என்னமோ விட்டுட்டேன். என்னன்னு தெரியல." போனேன். ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்த மாயக்காளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நானே குனிந்து மறுபடி கேட்டேன். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பறவை..."

மாயக்காள் முகமூடியை விலக்கினாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு முட்டியது. "நான் பரவைப் பக்கமே போகல சார். நர்சம்மா சொன்னதுலருந்து பரவைக் காய்கூட வாங்கல. அம்புட்டு பேர்ட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தரும் பரவைச் சந்தைக்குப் போகாதீங்கன்னு."

பரவை, திண்டுக்கல் ரோட்டில் காய்கறிச் சந்தை இருக்கிற ஊர். என் கர்வம் பிடித்த தமிழில் இருந்த ஒரு வல்லின றகரத்தை அந்த ஊரில் யார் காதும் கேட்கவில்லை.

சத்யப்ரியா மெதுவாகக் கேட்டாள். "மாயக்கா, வீட்டுல கோழி?"

"ரெண்டு தூங்கி விழுந்துச்சும்மா. சாகுறதுக்குள்ள அறுத்துச் சாறு வச்சுட்டேன்."

சத்யப்ரியா டாக்டரிடம் ஓடினாள். உடனே ஃப்ளூ மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். நாட்கள் தாண்டிவிட்டன என்பதை டாக்டர் மறைக்கவில்லை. வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு தெரு சார். பீரோவுக்கும் அவ வீட்டுக்கும் ரெண்டே தெரு. சாவி என் இடுப்புல இருந்துச்சு."

ஊருக்குப் போன் போட்டு, எந்தெந்த வீட்டில் கோழி சீக்கு வந்து தூங்குகிறது என்று அவள் அங்கிருந்தே விசாரித்தாள். ஒன்பது வீடு. காய்ச்சலோடு இருந்த மூன்று பேருக்கு அவள் கொடுத்தனுப்பிய சாவியில் அன்று மத்தியானமே பீரோவைத் திறந்து மாத்திரை போய்ச் சேர்ந்தது. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மாயக்காள் ஏழாம் நாள் இறந்தாள். பறவையிலிருந்து தொற்றியதுதான் என்று பரிசோதனை முடிவு அதற்குப் பிறகு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். மாயக்காளின் கணவர் தவசி மெலிந்து போயிருந்தார். சத்யப்ரியாவுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அவ பரவைக்குப் போகவே இல்லையே நர்சம்மா. அப்பறம் இந்தச் சீக்க யாரு இங்க கொண்டாந்தா?"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்யப்ரியா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாண்ணே" என்றாள்.